சங்கு ஊதும்வரை திறந்திருக்கும்

பட்டத்தரசியின் சமையற்கட்டில் அருகம்புல் முளைத்த அந்த வெள்ளிக்கிழமை ஏழுமாம்பாளையத்தில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சந்தையில் தக்காளி கேட்பாரற்றுக் கிடந்தது, நகராட்சிச் சங்கு தன் வழக்கப்படி கொஞ்சம் பிந்தி ஊதியது, காங்கேயத்து பஸ் யாரையோ ஏற்றாமல் போய் வசவு வாங்கிக்கொண்டது, அதற்கு நடுவில் ஒரு வீட்டுத் தரையில் புல் முளைத்தது, அவ்வளவுதான். சிமெண்டுத் தரையை அது பிளக்கவில்லை, விரிசல் தேடவில்லை. தலைவாரிவிட்ட மாதிரி ஒரே மட்டமாக எழுந்து, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, வாடகைக்கு விடுவதற்காக அவள் அடுக்கி வைத்திருந்த கல்யாண அண்டாக்களுக்கு அடியில் நுழைந்து, நடுவீட்டுக்கு வந்து, கயிற்றுக்கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் புருஷன் பொன்னுக்குட்டியின் தொங்கும் விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஏ புள்ளே, கைக்குச் சில்லுனு இருக்குது. என்னத்தப் போட்டு வெச்சிருக்கறே?" என்றார் அவர்.

"புல்லு மொளைச்சிருக்குதுங்க."

"அப்படின்னா ஆடு ஒண்ணு புடிச்சிரலாம்."

வாலிபத்திலிருந்து தறிக்குடோனில் பஞ்சு தின்ற நெஞ்சு அவருடையது. பாதி வாக்கியம் பேசினால் மீதி இருமல். கேலி மட்டும் வற்றவில்லை.

புல்லைக் கண்டு பட்டத்தரசி அசரவில்லை. அவளை அசைத்தது பெஞ்சு. வாசற்படிக்கு உள்ளே, நேற்றுவரை தண்ணீர்க்குடம் இருந்த இடத்தில், ஒரு சிமெண்டு பெஞ்சு வேர் விட்டது போல உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் ஈரம் காயாத பச்சைப் பெயின்ட்டில் 'உபயம்: நகர்மன்றத் தலைவர் ஏ.கே. திருமூர்த்தி' என்று எழுதியிருந்தது. அற்புதமே ஆனாலும் உபயதாரர் பேர் இல்லாமல் நடக்காத ஊர் அது. படித்ததும் அவளுக்கு யார் செய்த காரியம் என்று விளங்கிப்போயிற்று.

அவள் வீடு ஒன்றரை சென்ட். பின்பக்கத்துக் குடோனையும், இடப்பக்கத்து வீட்டையும், வலப்பக்கத்து வீட்டையும் வாங்கிச் சேர்த்துவிட்ட சேர்மன் திருமூர்த்தி அங்கே மூன்றடுக்குக் காம்ப்ளெக்ஸ் கட்டப் போவதாக இருந்தார். அதற்கு மெயின்ரோட்டில் வாசல் வைக்க அந்த ஒன்றரை சென்ட் வேண்டியிருந்தது. ஆள் விட்டுப் பார்த்தார், பிறகு வெற்றிலை பாக்கோடு தானே வந்தார். "நீங்க வாசலுக்காக ஊட்டைக் கேக்கறீங்க. நாங்க ஊட்டுக்காகத்தானுங்க வாசல் வெச்சோம்" என்று பட்டத்தரசி வெற்றிலையைத் திருப்பி நீட்டினாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படாத மனுஷனைக் கண்டால் நாம் சுதாரித்திருக்க வேண்டும். "நகராட்சி மேப்புல உன்ற எடத்துக்கு மஞ்சக் கலர் அடிச்சிருக்குது அம்மிணி. மஞ்சன்னா குடியிருப்பு. அந்த மஞ்ச இருக்கற வரைக்குந்தான் அது ஊடு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வெயில் ஏறியதும் நகராட்சி கிளார்க் ஆணையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், உள்ளே புல்லைப் பார்த்ததும், பார்க்குக்குள் செருப்போடு போகலாம் என்று நினைவு வந்தவராய் மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"உங்க எடம் மஞ்சள்ல இருந்து பச்சைக்கு மாறிருச்சுங்க. பூங்கா. தீர்மானம் ஆயிருச்சு."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களே?"

"கேட்டமுங்களே. ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு பேப்பர்ல போட்டம், போர்டுலயும் ஒட்டினம்."

அவர் சொன்ன பேப்பர் ஏழுமாம்பாளையத்துக்கு வருவதில்லை. அவர் சொன்ன போர்டு, நகராட்சி சைக்கிள் ஸ்டாண்டில் உடைந்த குப்பை வண்டிக்குப் பின்னால், அடம்பிடிக்கும் குழந்தை போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"வழக்கமா மேப்புல கலர்தானுங்க மாறும்," என்று கிளார்க் புல்லைச் செருப்பு நுனியால் தடவிப் பார்த்தார். "தரையே மாறுனது இதுதான் மொதத் தடவ. தலைவர் கையெழுத்து அத்தன ராசியாட்ட இருக்குது."

சேர்மன் போட்ட திட்டம் சுலபமானது. பூங்காவில் குடியிருக்க முடியாது. அவள் காலி செய்வாள். பிறகு பச்சையை அழித்து நீலம் அடித்தால் வணிகம். ஆனால் பட்டத்தரசி காலி செய்யவில்லை. எங்கே போவாள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனுஷனையும் பத்து அண்டாக்களையும் தூக்கிக்கொண்டு? ஆகவே அவள் இருந்தாள், பூங்காவும் இருந்தது. விடியற்காலைச் சங்கு ஊதியதும் கதவு இரண்டும் தாமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தாள், உதைத்தாள், அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்தாள், அசையவில்லை. பொழுதோடு ஆறு மணிச் சங்கு ஊதியதும் தாமாகத் தளர்ந்து அவள் கைக்கு வந்தன. நிலைப்படிக்கு மேலே, மாவிலை கட்டும் ஆணியில், ஒரு தகரப் பலகையும் வந்து தொங்கிற்று: 'சங்கு ஊதும்வரை திறந்திருக்கும்.'

மறுநாள் விடியவும் ஊர் உள்ளே வந்தது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பழனியாண்டி குரங்குக்குல்லாவும் கான்வாஸ் ஷூவுமாக முன்னால் நடக்க, அவர் பின்னால் சர்க்கரைக்காரர்களும் ரத்தக்கொதிப்புக்காரர்களும் கைவீசிக்கொண்டு நுழைந்து, இடம் சின்னது என்பதால் அடுப்பை ஒரு சுழியாகவும் பொன்னுக்குட்டியின் கட்டிலை ஒரு சுழியாகவும் வைத்து எட்டுப் போட்டு நடந்தார்கள்; எட்டு நடந்தால் எட்டாத வயதும் எட்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று நுழைந்தவர்கள் மூன்றாம் நாள் வணக்கம் மட்டும் வைத்தார்கள், அடுத்த வாரம் அதுவும் இல்லை. கடலைக்காரர் சாமிப்படத்துக்குக் கீழே கூடையை இறக்கினார். கல்யாண அண்டாக்களில் குழந்தைகள் உட்கார்ந்து சுற்றினார்கள். அண்டாக்களுக்குப் பின்னால் காலேஜ் ஜோடிகள் உட்கார்ந்து சுற்றாமல் இருந்தார்கள். அவள் குழம்பு தாளித்தால் பார்க்கில் புகை என்றார்கள், துணி உலர்த்தினால் பராமரிப்பு சரியில்லை என்றார்கள், பொன்னுக்குட்டி இருமினால், "பொது எடத்துல நோயாளியப் போட்டு வெக்கறது எந்த ஊரு நாயம்?" என்று கேட்டார்கள். குளிப்பதும் சேலை மாற்றுவதும் சங்குக்கு அப்புறம்தான் என்று பட்டத்தரசி பழகிக்கொண்டாள். ஊரும் பழகிக்கொண்டது. யாரோ ஒருவர் அவளை வாட்ச்மேன் என்று கூப்பிட ஆரம்பித்து, மாசக் கடைசியில் சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்றும் அக்கறையாக விசாரித்தார்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பூங்கா நிரம்பி வழிந்த நேரத்தில், பொன்னுக்குட்டிக்கு மூச்சு மேலே ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. அவர் பெண்டாட்டியின் கையைப் பிடித்தார்.

"புள்ளே, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து. இத்தன பேரு கண்ணு முன்னால வேண்டாம்."

பட்டத்தரசி எழுந்து ஹெட்மாஸ்டருக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். "சித்த நேரம் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க சார். அவருக்கு முடியலீங்க."

"பொது எடமுங்க அம்மிணி. போகச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?" என்றார் அவர், கால் நிற்காமலே, பிறகு பின்னால் திரும்பி, "பாத்துக்கிட்டு நிக்காதீங்கப்பா, நடங்க. நடுவுல நின்னா மூச்சு கெட்டுரும்."

அவள் கதவை இழுத்தாள், வரவில்லை. சேலைத் தலைப்பை அவிழ்த்து இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக் கட்டிலுக்கு மறைப்பாக நின்றாள்; ஆனால் எட்டுப் போட்டு நடக்கிறவர்களுக்கு எந்தப் பக்கத்தைத்தான் மறைப்பது, இந்தப் பக்கம் மறைத்தால் அந்தப் பக்கமாக வந்தார்கள், அந்தப் பக்கம் மறைத்தால் இந்தப் பக்கமாக வந்தார்கள், வந்து எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நடந்தார்கள்.

"சங்கு ஊதட்டுங்க. சாத்திப்போடறேன். சித்தப் பொறுத்துக்குங்க" என்றாள்.

"அது என்னைக்குப் புள்ளே நேரத்துக்கு ஊதிச்சு?" என்று பொன்னுக்குட்டி சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை. அவர் உயிர் போய், கடலைக்காரர் கூடையைத் தூக்கி, பூங்கா சளசளத்து, யாரோ ஒரு குழந்தை அழுததற்கெல்லாம் பிற்பாடுதான் சங்கு ஊதிற்று, கதவுகள் தாமாகத் தளர்ந்து, சாத்துவதற்குத் தோதாய், அவள் கைக்கு வந்தன.

சேர்மன் பெரிய மாலையோடு வந்தார். "இனி ஒண்டியா இங்க இருந்து என்ன பண்ணப் போறே அம்மிணி? யோசிச்சுச் சொல்லு" என்றார். அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் உட்காரக் கதவு இருக்கிற வீடு, படுக்கக் கதவு இருக்கிற அறை, கும்பிடுகிற சாமிக்கும் தேக்குக் கதவு; அந்தக் கதவுகள் அத்தனையும் போக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது, வீடுகூட அப்புறம்தான்.

பழி வாங்குவதென்றால் அந்தச் சீமையில் சிலர் மண்ணை வாரித் தூற்றுவார்கள், சிலர் அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள், இன்னும் சிலர் கோயில் படியில் காசு வெட்டிப் போடுவார்கள். பட்டத்தரசி மனுக் கொடுத்தாள்.

ஏன் மனு என்றால், ஏழுமாம்பாளையத்தில் மனுக்களுக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டுக் கொடுத்தாலும் அது சேர்மன் வாசலில் போய்த்தான் விளையும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேகத்தடை கேட்டார்கள். அது சேர்மன் பங்களாவுக்கு முன்னால் படுத்தது. மேட்டுத்தெருக்காரர்கள் தண்ணீர்க்குழாய் கேட்டார்கள். சேர்மன் தோட்டத்துத் தென்னைகள் குடித்தன. சுடுகாட்டுப் பாதைக்கு விளக்குக் கேட்டார்கள். சேர்மன் மொட்டைமாடி பகலாயிற்று. நல்லது எதையும் பிறத்தியார் வாசலில் பார்த்துக்கொண்டிருக்க அவர் மனசு இடம் கொடுக்காது. இதெல்லாம் ஊருக்குத் தெரியும், தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குணத்தைக் கயிறாகத் திரிக்கலாம் என்பது மட்டும் அவள் ஒருத்திக்குத்தான் தோன்றிற்று.

திங்கட்கிழமை, குறைகேட்கும் நாள். அவள் தாலி இல்லாத கழுத்தோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் மேஜைக்கு முன்னால் போனாள்.

"பூங்கா எனக்கு வேண்டாமுங்க. பச்சைய அழிச்சுப்போட்டு, போக்குவரத்துக்குண்டான கலர் என்னவோ அத அடிச்சுக் குடுங்க."

"உன்ற ஒன்றரை சென்ட்டுல கட்டவண்டி திரும்புமா அம்மிணி? அதுல என்ன போக்குவரத்து?" என்று சேர்மன் சிரிக்க, சுற்றி நின்ற கவுன்சிலர்களும் சிரித்தார்கள்.

"உங்க கையெழுத்து விழுந்தா மண்ணு கேக்குதுங்களே. பூங்கான்னு போட்டீங்க, புல்லு தானா வந்துச்சு, பெஞ்சு தானா வந்துச்சு, பெஞ்சுல உங்க பேருங்கூடத் தானா வந்துச்சு. போக்குவரத்துன்னு போட்டா ரோடு தானா வருமுங்க. நல்ல அகல ரோடு, எவன் கையையும் காலையும் புடிக்காம, நேரா வாசப்படிக்கே வந்து நிக்கும். அப்பறம் அந்த எடம் என்ன வெலைக்குப் போகும்னு நீங்களே சொல்லுங்க."

சேர்மன் சிரிப்பை நிறுத்தினார். பட்டத்தரசி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அவர் மனசு எந்தச் சந்துக்குள் நுழைகிறது என்று அவளுக்குத் தெரியும். அவருடைய பங்களா மாதேஸ்வரன் சந்தின் கடைசியில் இருந்தது. கப்பல் மாதிரி கார் வாங்கியும் அது சந்துக்குள் நுழையாது, முக்குப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஊருக்கே தலைவர், வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வீடு போய்ச் சேருவார். சந்துக்காரர்கள் ஒருத்தரும் ஓரடி மண் விட்டுத் தரவில்லை, வாசல் திண்டில் உட்கார்ந்து அவர் தாண்டுகிற அழகைத் தினமும் பார்த்தார்கள்.

"பாக்கலாம் அம்மிணி" என்றார் சேர்மன்.

பாக்கலாம் என்றால் எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அவள் வீட்டுக்குப் போய் அண்டாக்களைப் புளி போட்டுத் துலக்கினாள்.

அடுத்த கூட்டத்தில் போண்டா வந்தது. போண்டா வாயில் இருக்கும்போதே கிளார்க் தீர்மானங்களைப் படித்தார், கவுன்சிலர்கள் வழக்கம்போல "ஆல் பாஸ்" என்றார்கள். மாதேஸ்வரன் சந்துக் கடைசிப் பங்களாவும் காம்பவுண்டும் குடியிருப்பிலிருந்து போக்குவரத்துக்கு மாறுவது பற்றி ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்தது, ஊருக்கு வராத பேப்பரில், சுவரைப் பார்த்த போர்டில். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. சேர்மன் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விடிந்தபோது சந்து அகன்றிருந்தது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விடுகிறவர்கள் மாதிரி இரு பக்கத்து வீடுகளும் ஒரு கீறல் இல்லாமல் நகர்ந்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. நடுவே கருகருவென்று ரோடு, வெள்ளைக்கோடு போட்டு, சேர்மன் வாசற்படி வரைக்கும். சேர்மன் முதல்முறையாகத் தன் காரில் தன் போர்ட்டிகோவுக்குள் வந்து இறங்கி, திண்டுக்காரர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு முடிவதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. காங்கேயத்து பஸ்.

"ஆரு காருங்க இது? ஸ்டாண்டுக்குள்ள ப்ரைவேட் வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தெரியாதா? எடுங்க, எடுங்க" என்றார் டிரைவர்.

அந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் பட்டத்தரசி உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர், "ஸ்டாண்டு வந்தாச்சு, எல்லாம் எறங்கு" என்று விசில் ஊத, மற்றவர்களோடு இறங்கி, போர்ட்டிகோ வழியாக ஹாலுக்குள் நடந்து, அங்கே சோபாக்கள் இருந்த இடத்தில் முளைத்திருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கதவும் இல்லை. வாசல் கதவு இல்லை, படுக்கையறைக் கதவு இல்லை, குளியலறைக்கு மட்டும் கட்டணம் எழுதிய ஒரு சாக்குத்திரை தொங்கியது. பூஜையறையில் நேரக் காப்பாளர் உட்கார்ந்து மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆளுயர எழுத்தில் பேர் வந்திருந்தது: 'நகர்மன்றத் தலைவர் ஏ.கே. திருமூர்த்தி பேருந்து நிலையம்.' அவள் தாராபுரம் பஸ் வரும்வரை இருந்து, அதில் ஏறாமல், வீட்டுக்கு நடந்து போனாள்.

ஊர் அன்று மத்தியானத்துக்குள் பழகிக்கொண்டது. பூங்காவில் பழகின ஊருக்கு இது பெரிதல்ல. "பழனி பழனி பழனி" என்று சேர்மன் தலைமாட்டில் கூவினார்கள், "உடுமலை நிக்காது, நேரா பொள்ளாச்சி" என்று கால்மாட்டில் கூவினார்கள். மாட்டுச்சந்தைக்காரர்கள் கட்டிலில் கால் நீட்டினார்கள். கட்டுச்சோறு பிரித்தார்கள், வெற்றிலை துப்பினார்கள், வாந்தி எடுத்தார்கள், குழந்தைகளைத் தென்னைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். சேர்மன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றால் போர்ட்டர் என்று நினைத்து மூட்டையைத் தலையில் ஏற்றினார்கள். சேர்மன் சம்சாரம் அம்சவேணி ஒரு வாரம் ஒப்பாரி வைத்தாள். அடுத்த வாரம், சும்மா அழுகிற நேரத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று எலுமிச்சஞ்சோறு கிளறிப் பொட்டலம் கட்டினாள். அது பஸ் கிளம்புவதற்குள் தீர்ந்தது. "ஏனுங்க, நடு வழில நிக்காதீங்க, யாவாரத்தை மறைக்குது" என்று அவளே புருஷனை ஒதுக்கினாள்.

சேர்மன் இடத்தை மறுபடியும் குடியிருப்பாக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று பட்டத்தரசி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், குப்பை வண்டியைத் தள்ளிவிட்டு, அறிவிப்புப் போர்டை இரண்டு கையாலும் பிடித்துத் தெருவைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்களெல்லாம் அந்த வழிதானே. ஹெட்மாஸ்டர் பழனியாண்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "பஸ் ஸ்டாண்டை எடுக்கப் போறாங்களாமா? மக பிரசவத்துக்குத் தாராபுரம் போக எத்தன சவுகரியமா இருக்குது. பொது எடமுங்க. ஒருத்தர் தூங்கறதுக்காக ஊரு நடக்காம நிக்குமா?" அந்த ஊரின் சரித்திரத்தில் முதல்முறையாக ஆட்சேபணைகள் வந்தன, கையெழுத்தாகவும் கைநாட்டாகவும் வந்தன, நெல் மூட்டை மாதிரி சாக்கில் கட்டி வந்தன. ஒவ்வொன்றையும் விசாரித்துத் தீர்த்த பிறகுதான் கலர் மாற்றலாம் என்பது விதி. கிளார்க் சாக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க பேரன் காலத்துல முடிஞ்சுருமுங்க தலைவரே" என்று ஆறுதல் சொன்னார்.

தை பிறந்து பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பூங்காவில் கூட்டம் கலைந்து, பட்டத்தரசி அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில், சேர்மன் திருமூர்த்தி உள்ளே வந்தார். கார் இல்லை, ஆள் இல்லை. கண் இரண்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தன. தன் பேர் எழுதிய பெஞ்சில், அந்தப் பேரின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

பூங்காவுக்கு வந்தவரை வராதே என்று சொல்ல முடியாது. அவள் சொல்லவும் இல்லை.

"கண்ணை மூடினாப் பழனிங்கறான், தொறந்தாத் தாராபுரங்கறான்," என்றார் அவர். "நேத்து ஒருத்தி என்ற மெத்தைல உக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு என்னையக் கேக்கறா, அண்ணா, நீங்க எந்த ஊருக்குப் போகோணும்னு. என்ன சொல்றதுன்னு தெரியல அம்மிணி. பொள்ளாச்சின்னு சொல்லிப்போட்டேன். எழுப்பி பஸ் ஏத்தி உட்டுட்டா."

பட்டத்தரசி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்ணோணும் சொல்லு. மஞ்சக் கலர் அடிச்சுக் குடுத்தர்றேன். உன்ற ஊடு உனக்கு."

"அந்தக் கையெழுத்து இனி வேண்டாமுங்க."

அவர் தலையைத் தொங்கப் போட்டார். புல் மெத்தென்று இருந்தது, கிளுவை விறகு வாசமாக எரிந்தது, எங்கேயோ தூரத்தில்தான் ஹாரன் கேட்டது. அவர் பெஞ்சிலேயே மெல்லச் சரிந்து, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, குழந்தை கேட்கிற குரலில் கேட்டார்.

"அம்மிணி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து. சித்த நேரம் கண்ணசந்துக்கறேன்."

அரிசி களைந்த கை நின்றது. அவள் காலிக் கட்டிலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சாத்தறனுங்க," என்றாள். "சங்கு ஊதட்டும்."

அவர் முகம் மலர்ந்தது. கண்ணை மூடினார். அன்றைக்கு மட்டும், ஏழுமாம்பாளையத்து நகராட்சிச் சங்கு, சொல்லிவைத்தாற்போல, டாணென்று நேரத்துக்கு ஊதியது. கதவுகள் சுவரைவிட்டுத் தளர்ந்தன. பட்டத்தரசி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பெஞ்சைக் கரண்டிக்காம்பால் தட்டினாள்.

"எந்திரிங்க. பார்க்கு மூடற நேரம்."

"அம்மிணி, இந்நேரத்துக்கு நான் எங்க போவேன்?"

"உங்க எடத்துக்குத்தானுங்க. அது எந்நேரமும் தொறந்துதான் இருக்கும். அதுக்குச் சங்கு கெடையாது."

அவர் எழுந்தார். எட்டு நடந்து நடந்து தேய்ந்த புல்தடத்தில் நடந்து, படி இறங்கி, ரோட்டோரம் நின்று கை காட்டினார். டவுன் பஸ் வந்தது, கண்டக்டர் எங்கே என்று கேட்டது அவளுக்குக் கேட்டது. "ஸ்டாண்டு ஒண்ணு" என்று அவர் சொன்னதும் கேட்டது.

பஸ் போன பிறகு பட்டத்தரசி இரண்டு கதவுகளையும் சேர்த்து இழுத்துச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"சாத்திப்போட்டனுங்க" என்றாள்.